6 கிமீ குறுக்கோட்டம், 20 வயதுக்குட்பட்ட பெண்கள்: பினாங்கிலிருந்து ஐரோப்பியச் சேற்றுக்கு எப்படித் தயாராவது?

துஞ்சோங்_திடல் | திங்கள், இரவு 9:40

வணக்கம். பெண் பிள்ளைக்கு வயது 17, ஊர் பினாங்கு. தடகளத்தில் 3000 மீட்டர் 10:30. மார்ச் கடைசியில் ஐரோப்பாவில் அனைத்துலகக் குறுக்கோட்டம் (புல், சேறு, மேடு பள்ளத்தில் ஓடும் போட்டி), 20 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவு, 6 கிமீ. கையில் 12 வாரம் இருக்கிறது. மாநில அளவில் மெரெந்தாஸ் டேசா (நம் ஊர்க் குறுக்கோட்டம்) ஓடியவள்தான், ஆனால் அதெல்லாம் காய்ந்த புல்லும் தார்ப்பாதையும். சேறு, வைக்கோல் கட்டு, குளிர் எதையும் பார்த்ததில்லை.

1. ஆணிச் சப்பாத்தில் எத்தனை மில்லிமீட்டர் ஆணி?
2. ஏற்றத்துக்குக் கெபுன் பூங்காவிலிருந்து (தாவரவியல் பூங்கா) கொடிமலை (பினாங்கு மலை) போகும் ஜீப் பாதை போதுமா?
3. கிலோமீட்டருக்கு 3:40 என்று சீராக ஓடினால் 22 நிமிடம். இந்தக் கணக்கு சரியா?
4. அணிப் புள்ளியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

---

சரிவுப்புல் | திங்கள், இரவு 10:25

மூன்றாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், அது சரியானால்தான் மற்றதைப் பேச முடியும்.

3:40 கணக்கை மறந்துவிடுங்கள். எத்தியோப்பியாவின் லெட்டெசென்பெட் கிடே 2017இல் கம்பாலாவில் நடந்த உலகக் குறுக்கோட்டத்தில் இதே பிரிவை 18:34இல் வென்றார். 2019இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் கென்யாவின் பியட்ரிஸ் செபெட் வென்ற நேரம் 20:50. இரண்டுமே 6 கிமீ. ஆர்ஹூஸில் ஓடுபாதை ஓர் அருங்காட்சியகத்தின் புல் வேய்ந்த சாய்வுக் கூரைமேல் ஏறி இறங்கியது. தரை மாறினால் நேரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் மாறும் ஓட்டத்தில், கைக்கடிகாரத்தைப் பார்த்து ஓடுவது வீண்.

உண்மையான சிக்கல் முதல் 600 மீட்டரில் இருக்கிறது. கூட்டம் அதிகமுள்ள போட்டியில் முதல் 300 மீட்டருக்குக் குறுகலோ தடையோ இருக்கக்கூடாது என்பது விதி. அதற்குப் பிறகு பாதை சுருங்கலாம், வளையலாம். அதனால் துப்பாக்கி வெடித்ததும் அத்தனை பேரும் அந்த 300 மீட்டரில் இடம் பிடிக்கப் பாய்வார்கள். பின்தங்கியவள் முதல் வளைவில் முன்னாடி இருப்பவர்களின் முதுகில் மோதி நிற்பாள், சில சமயம் நடக்கவே வேண்டிவரும். போன ஐந்து வினாடி கூடப் பரவாயில்லை. நின்ற காலை மறுபடி வேகத்துக்குக் கொண்டுவர ஆகும் செலவுதான் மூன்றாவது சுற்றில் தெரியும். நம் பிள்ளைகள் தடகளப் பழக்கத்தில் "பொறுமையாகத் தொடங்கு, பிறகு பிடி" என்று ஓடுவார்கள். ஐந்து மீட்டர் அகலப் பாதையில் பிறகு பிடிக்க வழியே இருக்காது.

உங்கள் பிள்ளையின் 3000 மீட்டர் வேகத்தில் 300 மீட்டர் 63 வினாடி. அவள் அதை 57-58இல் போய், அடுத்த 300 மீட்டரில் மூச்சை மீட்டு, தன் வேகத்தில் அமரப் பழக வேண்டும். பயிற்சி: புல்லில் 300 மீட்டர் 57-58, நிற்காமல் அப்படியே 1200 மீட்டர் போட்டி உழைப்பில், பிறகு 3 நிமிட ஓய்வு. மூன்று முறையில் தொடங்கி நான்கு. பத்து நாளுக்கு ஒரு தடவை போதும். 300 முடிந்ததும் வேகம் சரிந்து தவழ்ந்தால் முதல் 300ஐ 59க்கு இறக்குங்கள். அவளுக்கு இன்னும் தாங்கவில்லை என்று அர்த்தம்.

முடிந்தால் நான்கைந்து பையன்களைச் சேர்த்து, தோளோடு தோள் உரச ஓடவிடுங்கள். முழங்கை படுவதற்கே பயப்படும் பிள்ளைகள் நிறைய.

சுற்று 1500 முதல் 2000 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய சுற்றிலும் மொத்தம் குறைந்தது 10 மீட்டர் ஏற்றம் இருப்பது நல்லது என்கிறது விதிநூல். ஆக 6 கிமீ என்பது மூன்று அல்லது நான்கு சுற்று. தூரத்தைச் சரிக்கட்டச் சிறு சுற்று சேர்த்தால் அது தொடக்கத்திலேயே வரும்.

---

ஆணிப்பெட்டி | திங்கள், இரவு 11:02

ஆணிக்கு நேரடிப் பதில்: ஒரே நீளத்தை வாங்காதீர்கள், நான்கு செட் எடுத்துப் போங்கள். காய்ந்த புல்லுக்கு 6 மிமீ, ஈரப் புல்லுக்கு 9, சேற்றுக்கு 12, புதைசேற்றுக்கு 15. எது என்பதை முந்தின நாள் பாதையை நடந்து பார்த்து முடிவு செய்து, போட்டியன்று காலையில் ஒருமுறை உறுதி செய்ய வேண்டும். சந்தேகம் வந்தால் நீளமான பக்கமே போங்கள். ஆனால் பாதையில் கெட்டித் தரை நிறைய இருந்தால் 15 மிமீ முன்பாதத்தைக் குத்தி எடுத்துவிடும்.

சோலின் தடிமனுக்கும் வரம்பு உண்டு. 2024 நவம்பர் முதல் ஆணிச் சப்பாத்துக்கு 20 மிமீ. உலகத் தடகளச் சம்மேளனத்தின் அனுமதிப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள்.

என்னவெல்லாம் தவறும்:

ஆணி துருப்பிடித்து இறுகுவது. நம் ஊர் ஈரத்தில் இரண்டே வாரம் போதும், சாவி வழுக்கி ஆணியின் தலை மழுங்கிவிடும். மாட்டும்போது திருகில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றித் துடைத்து வையுங்கள்.

சேற்றில் சப்பாத்து கழன்று போவது. மெல்லிய காலுறையோடு அளந்து, விரல் நுனியில் அரை சென்டிமீட்டருக்கு மேல் இடம் விடாமல் வாங்குங்கள். கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியைக் குறுக்குக் கயிறுகளுக்குள் செருகி, மேலே ஒரு சுற்று டேப். பருத்திக் காலுறை கூடாது, தண்ணீர் குடித்துக் கனத்துவிடும்.

களிமண் அப்பிக்கொள்வது. சோலில் சமையல் எண்ணெயை மெல்லிசாகத் தடவினால் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்கு ஒட்டாது. ஆணி முனையில் படக்கூடாது, தடவிய பிறகு தார் மேல் நடக்கவும் கூடாது. வழுக்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்று: சப்பாத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படவும் வேண்டாம். வெறுங்காலில் ஓடவும் விதி இடம் தருகிறது. ஃபெய்த் கிப்யெகோன் 2011இல் ஸ்பெயினின் புந்தா உம்ப்ரியாவில் வெறுங்காலோடு ஓடித்தான் இதே பிரிவில் முதலாவதாக வந்தார். (உங்கள் பிள்ளை முயல வேண்டாம். அந்தப் பாதம் 12 வாரத்தில் வராது.)

---

ரெலாவ்_காலை | செவ்வாய், காலை 6:15

ஜீப் பாதை பற்றி. போதாது. அதைவிட, அது வேறு வேலைக்கான பாதை. கெபுன் பூங்காவிலிருந்து உச்சிக்குச் சுமார் 5 கிமீ, 600 மீட்டருக்கு மேல் ஏற்றம், முழுக்கத் தார். அங்கே கால் மெதுவாகவும் கனமாகவும் உழைக்கும். குறுக்கோட்டத்தில் வருவது 40, 60, 80 மீட்டர் நீள மேடுகள், உடனே இறக்கம், உடனே வளைவு. மாதம் ஒரு தடவை ஜீப் பாதையில் ஏறட்டும், இறங்கும்போது வேனில் வரட்டும். அந்தச் செங்குத்துத் தாரில் ஓடி இறங்கினால் தொடை மூன்று நாளைக்கு எழும்பாது.

வேலைக்கு உதவும் இடம் யூத் பார்க். அங்குள்ள புல் சரிவுகளையும் மர வேர் உள்ள மண்ணையும் சேர்த்து 1500 மீட்டர் சுற்று ஒன்றை நீங்களே அமைக்கலாம். அளவுச் சக்கரத்தால் அளங்கள், மரங்களின் கீழ் கடிகாரத்தின் ஜிபிஎஸ் பொய் சொல்லும். தைப்பூச நாட்களில் பக்கத்திலுள்ள தண்ணீர்மலைப் பகுதியில் சாலை அடைப்பும் கூட்டமும் இருக்கும், அந்த வாரம் ரெலாவ் பூங்காவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் மேட்டுப் பயிற்சி: 60-80 மீட்டர் புல் மேடு, ஏறியதும் நிற்காமல் உச்சியைத் தாண்டி இன்னும் 20 மீட்டர் வேகமாக, பிறகு இறக்கத்தில் கையை விரித்து இலகுவாக. 10 முறை. அந்த 20 மீட்டர்தான் முக்கியம். எல்லாரும் உச்சியில் மூச்சு விடும் நேரத்தில்தான் முந்த முடியும். இறக்கத்தில் குதிகாலை ஊன்றிப் பிரேக் போடும் பழக்கம் நம் சமதரைப் பிள்ளைகளிடம் உண்டு. அடியைச் சின்னதாக்கி, உடலைச் சரிவோடு கொஞ்சம் முன்னே விடச் சொல்லுங்கள்.

சேறுதான் பிரச்சினை. ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கு காய்ந்து கிடக்கும், திடல் எல்லாம் சிமெண்டு மாதிரி. தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி கடற்கரையில் அலை படாத இளமணலில் 20 வினாடி ஓட்டம் 8 முறை விடுங்கள். சேறும் மணலும் ஒன்றல்ல, ஆனால் கற்றுத்தருவது ஒன்றே: நுனிவிரலால் உதைத்தால் கால் உள்ளே போகும், முன்னேறாது. அடி சுருங்க வேண்டும், எண்ணிக்கை கூட வேண்டும், முழங்கால் கொஞ்சம் உயர வேண்டும். முதல் தடவை நாலே முறை போதும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

வைக்கோல் கட்டுக்குப் பதில் புல்லில் 40-50 செமீ உயரத் தடை வையுங்கள். மேலே மிதித்து ஏறக்கூடாது. கட்டு அமுங்கி வேகத்தைத் தின்றுவிடும், மழையில் நனைந்த மரத்துண்டாக இருந்தால் வழுக்கும். தாண்டி இறங்கியதும் மூன்று விரைவடி. இடது, வலது இரண்டு காலாலும் தாண்டப் பழக வேண்டும், கூட்டத்தில் அடியை எண்ணித் தாண்ட யாருக்கும் நேரம் இருக்காது.

---

துஞ்சோங்_திடல் | செவ்வாய், மதியம் 1:10

நன்றி அண்ணே, நன்றி எல்லாருக்கும். குளிரும் நேர வித்தியாசமும் பற்றி யாராவது சொல்லுங்கள். இன்னொன்று, அவளோடு ஓடும் இன்னொரு பிள்ளைக்கு 15 வயது. வரலாமா?

---

செந்தூல்_சுற்று | செவ்வாய், இரவு 8:47

வயது: போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 16 முதல் 19 வரை இருக்க வேண்டும். அதாவது 2027இல் நடக்கும் போட்டிக்கு 2008 முதல் 2011 வரை பிறந்தவர்கள். இன்று 15 என்றாலும் அந்த டிசம்பருக்குள் 16 முடிகிறதா என்று பாருங்கள். இது உலகக் குறுக்கோட்ட விதி. வேறு போட்டி என்றால் அதன் அழைப்பிதழில் எழுதியிருப்பதுதான் செல்லும்.

புள்ளி: ஒரு நாட்டுக்கு ஆறு பேர் வரை ஓடலாம், முதலில் வரும் நால்வரின் இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகை வெல்லும். 1, 2, 3, 4 என்றால் 10, அதற்குக் கீழே போக முடியாது. சமனானால் நான்காவது ஆள் முன்னே வந்த அணிக்கு வெற்றி: 12, 25, 31, 58 = 126. 20, 28, 36, 42 = 126. இரண்டாவது அணிதான் வெல்லும், 42 என்பதால். ஆகவே 70ஆம் இடத்தில் ஓடுகிறவள் கடைசி 200 மீட்டரில் மூன்று பேரை முந்துவதும், முன்னால் ஓடுகிறவள் 15இலிருந்து 12க்கு வருவதும் புள்ளியில் ஒன்றுதான். பின்னால் கூட்டம் நெருக்கம், மூன்று பேரை முந்துவது அங்கே எளிது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள், "எனக்கென்ன, நான் கடைசி" என்று கைவிடமாட்டார்கள்.

எதிர்பார்ப்பையும் அளவாக வையுங்கள். உலகக் குறுக்கோட்டத்தில் இந்தப் பிரிவு 1989இல் நார்வேயின் ஸ்டவாங்கரில் தொடங்கியது. 1992இல் பாஸ்டனில் பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் வென்றார், இரண்டாவது சீனாவின் வாங் ஜுன்சியா. 1995இல் பின்லாந்தின் அன்னமாரி சாண்டெல். அவருக்குப் பிறகு ஐரோப்பியர் யாரும் முதலாவதாக வரவில்லை, எத்தியோப்பியாவும் கென்யாவுமே. முதல் சுற்றில் அவர்கள் பின்னால் போவது தற்கொலை. சரிவுப்புல் சொன்ன 57-58 உங்கள் பிள்ளையின் கூட்டத்தில் இடம் பிடிக்க மட்டுமே.

குளிர்: 5 டிகிரியில் உடம்பு சூடேற இங்கே ஆகும் 20 நிமிடம் போதாது, 40 வையுங்கள். அதிலும் பெரிய போட்டியில் அழைப்பு அறையில் உட்காரவைப்பார்கள், சூடு போய்விடும். 5, 3, 1 நிமிட எச்சரிக்கை கொடுப்பார்கள். மேலாடையைக் கழற்றுவது 3க்கும் 1க்கும் நடுவில். மெல்லிய கையுறை அவசியம், விரல் மரத்தால் கயிறு கட்டக்கூட முடியாது. குளிரில் தாகம் தெரியாது என்பதால் முந்தின நாள் முழுக்கக் குடிக்க நினைவூட்டுங்கள்.

நேரம்: மார்ச் கடைசி ஞாயிறு வரை மத்திய ஐரோப்பா நமக்கு 7 மணி பின்னால், அதற்குப் பிறகு 6. மேற்கே போவதால் மாலையில் தூக்கம் சொக்கும், அதிகாலை 3 மணிக்கு விழிப்பு வரும். ஒரு மணி வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று வைத்தால் ஆறு ஏழு நாள் முன்னதாகப் போக வேண்டும். அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் மூன்று நாளுக்குத்தான் டிக்கெட் போடுவார்கள். அப்படியென்றால் புறப்படும் முன் நாலு நாள், தினம் ஒரு மணி நேரம் தள்ளித் தூங்கட்டும்.

இரும்புச் சத்தை யாரும் சொல்லவில்லை. இந்த வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். பயிற்சி சரியாக இருந்தும் வேகம் குறைந்துகொண்டே போனால் ஹீமோகுளோபின் மட்டும் பார்க்காமல் ஃபெரிட்டினும் (உடம்பில் சேமித்த இரும்பின் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். இப்போதே பாருங்கள், குறைந்திருந்தால் ஏற வாரக்கணக்கில் ஆகும். பரிசோதிக்காமல் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். சாப்பாட்டோடு தே தாரிக் வேண்டாம், தேயிலை இரும்பை ஏறவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் நின்றிருந்தால் "ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று விடாதீர்கள். சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிறது, எலும்பு முறிவில் முடியும். டாக்டரிடம் போங்கள்.

கோலாலம்பூருக்குப் பயிற்சிக்கு வந்தால் புக்கிட் கியாராவைவிட லேக் கார்டன் புல் சரிவுகள் இதற்குப் பொருத்தம். கியாராவில் வேர் அதிகம், கணுக்கால் போகும். மழைத் தேக்கத்தில் ஓடினால் காலில் உள்ள கீறலை மூடிவிட்டு ஓடட்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவட்டும். எலிச்சிறுநீர்க் காய்ச்சல் அப்படித்தான் ஏறும். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் சேற்றில் ஓடியதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

---

ஆணிப்பெட்டி | செவ்வாய், இரவு 9:30

ஒன்று விட்டுப்போச்சு. சப்பாத்து கைப்பையில் வரட்டும், பெரிய பெட்டி தொலைந்தாலும் ஓடலாம். ஆனால் ஆணியைக் கழற்றி, சாவியோடு பெரிய பெட்டியில் வையுங்கள். மாட்டியபடியே கொண்டுபோனால் விமான நிலையச் சோதனையில் நிறுத்தக்கூடும். இன்னொரு செட் ஆணியும் சாவியும் அணியில் வேறு ஒருத்தி பெட்டியில்.