அப்டேக்: ஏற்பா, உறிஞ்சலா, உள்ளெடுப்பா?

வணக்கம். முதுகலைச் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எலி மூளைச் சீவலை, ட்ரிட்டியம் (கதிர்வீசும் ஹைட்ரஜன்) ஏற்றிய காபாவில் (நரம்புகள் செய்தி அனுப்பும் ஒரு வேதிப்பொருள், GABA) 37 பாகையில் ஊறவைத்து, எந்த நரம்பு முனைகள் அதை இழுத்துக்கொண்டன என்று பார்க்கும் பாடம். இப்படி இழுத்துக்கொள்வதாகிய அப்டேக்கை (uptake) ‘ஏற்பு’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

~

ஐயா, ‘ஏற்பு’ வேண்டாம். ரிசப்டரை, அதாவது செல்லின் மேல் காபா வந்து ஒட்டும் புரதத்தை, ஏற்பி என்கிறோம். ஏற்பியில் ஒட்டியதைத் தேடுவது வேறு சோதனை. இங்கே காபா சவ்வைத் தாண்டி உள்ளே போகிறது. சோடியம் இல்லாத கரைசலிலும் ஒரு சீவலை ஊறவைக்கச் சொல்வது இதற்காகத்தான்: உள்ளே போவது நின்றுவிடும், ஏற்பியில் ஒட்டுவது நிற்காது. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த ‘உறிஞ்சல்’ இருக்கிறதே.

~

பஞ்சும்தான் உறிஞ்சுகிறது. நரம்பு முனையோ சோடியத்தின் துணையோடு, செறிவு குறைந்த வெளியிலிருந்து மிகுந்த உள்ளுக்கு எடுக்கிறது. ‘உள்ளெடுப்பு’ என்பதே என் கருத்து. ‘மீள்’ சேர்க்க வேண்டாம். 1961-இல் ஹெர்ட்டிங்கும் ஆக்சல்ராடும் காட்டியது, நரம்பு தான் எடுத்து வைத்த நார்அட்ரினலினை (இன்னொரு நரம்புச் செய்திப் பொருள்) விட்டுவிட்டுத் திரும்ப எடுப்பதை, அது மீளுள்ளெடுப்பு. நாம் ஊற்றும் காபா முதன்முறை போகிறது.

~

இளநீரை உறிஞ்சுகிறோமே, வாயின் முயற்சி இல்லாமலா? அச்சொல்லில் விசை உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், காபா போன்ற நியூரோடிரான்ஸ்மிட்டரும் கடத்தி, அதைச் சவ்வு தாண்டி உள்ளே கொண்டுபோகும் டிரான்ஸ்போர்ட்டர் புரதமும் கடத்தி. ‘காபா கடத்தி’ என்றால் எது? இரண்டாவதைக் ‘காவி’ ஆக்குங்கள். இலங்கையில் நோய்க்காவி என்பது பாடநூல் வழக்கு. காவடியில் உள்ள ‘கா’ தோளில் சுமக்கும் தண்டு.

~

தமிழ்நாட்டு மாணவருக்குக் காவி ஒரு நிறம். ‘கடத்துபுரதம்’ போதும்.

சொல்லைவிட அவசரமானது ஒன்று. கையேட்டில் கழுவியதும் குளூட்டரால்டிஹைடு என்ற வரி விட்டுப்போயிருக்கிறது. அதுதான் காபாவின் அமினோ முனையைப் புரதத்தோடு பிணைக்கும். இல்லாவிட்டால் அடுத்து வரும் ஆல்கஹாலில் காபா கரைந்து போய்விடும். ஊறலில் அமினோஆக்சிஅசிட்டிக் அமிலமும் வேண்டும், காபா சிதையாமலிருக்க. சீவலின் மேல் ஒளிப்படப் பால்மம் பூசிய தகட்டை 4 பாகையில், இருட்டில், சிலிக்கா ஜெல்லோடு வாரக்கணக்கில் வையுங்கள். ஈரம் பட்டால் பதிவு மங்கும். ட்ரிட்டியத்தின் பீட்டா கதிர் 18.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டாது, அதனால் அது தொலைவு போகாமல், பால்மத்தில் உருவாகும் வெள்ளிக் கருமணி நரம்பு முனையை ஒட்டியே விழும். ஆட்டோரேடியோகிராபிக்குத் ‘தன்கதிர்ப்படம்’ இதனால்தான் பொருத்தம். திசுவின் கதிரே படத்தை வரைகிறது.

~

நன்றி. உள்ளெடுப்பு, கடத்துபுரதம், தன்கதிர்ப்படம் என்று அனுப்புகிறேன். விட்ட வரியைச் சேர்த்துவிட்டேன்.

~

அனுப்புங்கள். ஆனால் குடல் உணவை ‘உறிஞ்சுகிறது’ என்று அதே கையேட்டின் 3-ஆம் பாடத்தில் இருக்கிறது. குடலும் குளூக்கோஸைச் சோடியத்தின் துணையோடுதான் எடுக்கிறது.