ஜப்பான் அலங்கார அலமாரி: உதிர்ந்த சிப்பித் துண்டுகளை ஒட்டலாமா?

குரோய்டன்வாசி: வணக்கம். போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது ஓர் அலங்கார அலமாரி வாங்கினேன். ஆள் உயரம், கறுப்புப் பூச்சு, தட்டுகள் ஒரே மட்டத்தில் இல்லாமல் ஏறியும் இறங்கியும் இருக்கின்றன, கதவுகளில் பொன்னிறப் பின்னணியில் சிப்பியாலும் வெள்ளையாக வேறு எதனாலோவும் கொக்கும் செவ்வந்தியும் பதித்திருக்கிறார்கள். விற்றவர் சீனத்துப் பொருள் என்றார். ஆறேழு துண்டுகள் உதிர்ந்துவிட்டன, ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். சூப்பர் குளூவால் ஒட்டி பாலிஷ் போட்டால் போதுமா? ஹீட்டருக்குப் பக்கத்தில்தான் இடம் இருக்கிறது.

மரக்கை: வேண்டவே வேண்டாம்! நீங்கள் சொல்வது ஜப்பானின் மெய்ஜி காலத்து (1868–1912) வேலை போலத் தெரிகிறது. 1873 வியன்னா கண்காட்சிக்குப் பிறகு ஐரோப்பியர்களுக்காகவே இப்படி நிறையச் செய்தார்கள். ஏறி இறங்கும் தட்டுகள் ஜப்பானிய வீட்டுச் சுவரில் கட்டும் சிகாய்தனாவிலிருந்து வந்தவை, அந்தப் பதிப்பு வேலைக்கு ஷிபயாமா என்று பெயர். பூச்சும் நம் ஊர் அரக்கு இல்லை. நம் அரக்கு பூச்சி தருவது, இந்த அலமாரியின் பூச்சோ உருஷி என்ற மரத்தின் பால். ஈரக் காற்றில்தான் இறுகும், இறுகிய பிறகு வெயில் பட்டால் மங்கிப்போகும், வறட்சியில் அடியில் உள்ள மரம் சுருங்கி வெடிப்பு விடும். அதனால் ஹீட்டர் பக்கம் கூடாது. சூப்பர் குளூ போட்டால் பிறகு யாராலும் சுத்தமாக எடுக்க முடியாது. பழுதுபார்ப்பவர்கள் வஜ்ஜிரம் (தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் தச்சர் பசை) மாதிரி, திரும்பக் கழற்றக்கூடிய பசையைத்தான் தேடுவார்கள். பாலிஷும் ஈரத்துணியும் தொடக்கூடாது, மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

நதியா: அந்த வெள்ளைத் துண்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சின்னக் கறும்புள்ளிகள் இருந்தால் எலும்பு, இல்லையென்றால் தந்தமாக இருக்கலாம். தந்தமானால் வீட்டில் வைத்திருப்பதில் தப்பில்லை, விற்பதில்தான் சிக்கல். பிரிட்டனின் தந்தச் சட்டம் 2022 முதல் நடப்பில் இருக்கிறது. 1947க்கு முந்தைய பொருளாகவும் தந்தம் 10 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருந்தால் பதிவு செய்து விற்கலாம். ஊருக்கு எடுத்துப்போவதானால் தனி அனுமதி வேண்டும், இந்தியாவில் இன்னும் கெடுபிடி.

குரோய்டன்வாசி: நன்றி அக்கா, மரக்கை அண்ணா. விற்கும் எண்ணமே இல்லை. புள்ளி எதுவும் தெரியவில்லை. அலமாரியை இன்றே வடக்குச் சுவருக்கு நகர்த்திவிட்டேன்.

மரக்கை: நல்லது. எந்தத் துண்டு எந்தக் குழியில் உட்காரும் என்று இப்போதே படம் எடுத்து எண் போட்டு வையுங்கள்.