பெரியப்பா 70 (அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம்)

கார்த்தி, 3:10: எல்லோரும் பார்க்கவும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் கொடுக்கும் படத்தை ஆறு மணிக்குள் அனுப்பச் சொல்கிறார் ஃபிரேம் கடைக்காரர். இரண்டடிக்கு மூன்றடி. அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த டிரம்மர் யார்? ஒரே ஒரு பெயர்.

பாலு, 3:11: ஜான் பான்ஹம். சந்தேகமே இல்லை.

நித்யா, 3:11: பாலு, நாளைக்குக் கணக்குப் பரீட்சை. போனை வை.

கார்த்தி, 3:13: நான் பட்டி ரிச் என்று நினைத்தேன். அப்பா வாயில் அடிக்கடி வரும் பெயர்.

மதுரை அத்தை, 3:15: சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று சொல்லியாச்சா?

கார்த்தி, 3:15: 180 அத்தை. அது முடிந்தது. படம்தான் பாக்கி.

திருச்சி சித்தப்பா, 3:24: கார்த்தி, பட்டி ரிச் மேல் அண்ணனுக்குப் பெரிய மதிப்பு உண்டு. 1917-ல் புரூக்ளினில் பிறந்தவர். நடை பழகும் வயதிலேயே அப்பா அம்மாவின் மேடையில் ஏறி அடித்தவர். நோட்டேஷன், அதாவது எழுதிவைத்த இசைக்குறிப்பு, வாசிக்கத் தெரியாது. புதுப் பாட்டை வேறொருவர் வாசிக்க ஒருமுறை கேட்டுவிட்டு உட்கார்ந்து வாசித்துவிடுவார். அந்த வேகத்துக்கு இன்றுவரை ஆள் கிடையாது. ஆனால் வேகத்தைப் பார்த்து அண்ணன் யாரையும் முதலில் வைத்ததில்லை. அவர் மெல்லிசைக் குழுவில் இருந்த ஒன்பது வருடமும் டிரம் செட்டை ரிக்‌ஷாவில் ஏற்றி இறக்கியவன் நான். அவர் சொன்னது ஒன்றுதான்: பாடுகிறவர் பயமில்லாமல் பாட வேண்டும், அதற்குத்தான் நாம் பின்னால் உட்கார்ந்திருக்கிறோம். இந்த அளவுகோலை வைத்துத் தேடுங்கள்.

நித்யா, 3:25: அப்பா, ஒரு பெயர்.

திருச்சி சித்தப்பா, 3:25: வருகிறேன்.

பாலு, 3:27: தாத்தா, பான்ஹமை வேகத்துக்காகச் சொல்லவில்லை. ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ கேளுங்கள். அந்தச் சத்தம்!

திருச்சி சித்தப்பா, 3:33: கேட்டிருக்கிறேன் ராஜா. 1971-ல் வந்த ஆல்பம். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே செட்டைப் போட்டு, மேலேயிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அவரோடு சேர்ந்து அந்த வீடும் வாசிக்கிறது. 1980-ல் அவர் போனதும் லெட் செப்பெலின் வேறு ஆளைத் தேடாமல் குழுவையே கலைத்துவிட்டார்கள். அது பெரிய மரியாதை. திருவல்லிக்கேணி வீட்டு முற்றத்தில் அண்ணன் வாசித்தாலும் அப்படித்தான் சுவரெல்லாம் அதிரும்.

மதுரை அத்தை, 3:34: அப்பா விசிறிக் காம்போடு ஓடி வருவார்.

பெரியம்மா, 3:36: என்ன இது, போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு யார் யார் என்று கேட்கிறார்.

கார்த்தி, 3:36: அம்மா, சத்தத்தை நிறுத்துங்கள்!!

பெரியம்மா, 3:41: சமையலறைக்கு வந்துவிட்டேன்.

நித்யா, 3:44: நீல் பியர்ட்?

திருச்சி சித்தப்பா, 3:50: நாற்பது வயதைத் தாண்டி, உலகமே கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, பிரெடி கிரூபர் என்ற ஆசிரியரிடம் போய், குச்சி பிடிப்பதிலிருந்து மறுபடியும் கற்றுக்கொண்டவர். அதற்கே அவரைக் கும்பிடலாம். ஆனால் அவருடைய ரஷ் குழுவை அண்ணன் அதிகம் கேட்டதில்லை.

மதுரை அத்தை, 3:52: பெண்கள் யாருமே டிரம்ஸ் வாசிக்கவில்லையா?

நித்யா, 3:53: கேரன் கார்ப்பெண்டர், அத்தை. பாடகி என்றுதான் நமக்குத் தெரியும். பாடவும் செய்கிற டிரம்மர் என்றுதான் அவர் தன்னை நினைத்தார்.

பாலு, 3:54: வயோலா ஸ்மித்! 1930-களிலேயே வாசித்தவர். 2020-ல்தான் இறந்தார், 107 வயது.

மதுரை அத்தை, 3:58: 107! புண்ணியவதி. எனக்கும் ஆசை இருந்தது. பெண்பிள்ளைக்கு எதற்கு என்று சொல்லிவிட்டார்கள். அப்பா ஆபீஸ் போனபிறகு அண்ணன்தான் என்னை உட்காரவைத்து நாலு பாடம் சொல்லிக்கொடுத்தார். பெடல் எட்டாது, பலகை போட்டுக் கொடுப்பார்.

திருச்சி சித்தப்பா, 3:59: அந்த செட்தான் 1984-ல் போனது.

மதுரை அத்தை, 4:00: என் கல்யாணத்துக்காகப் போனது என்று முழுசாகச் சொல்லிவிடு தம்பி. நாற்பது வருடமாகக் கேட்கிறேன்.

திருச்சி சித்தப்பா, 4:00: அக்கா, அப்படிச் சொல்ல வரவில்லை.

பெரியம்மா, 4:02: அவர் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. வேறு யாரும் சொல்ல வேண்டாம்.

நித்யா, 4:09: பாயசம் என்ன முடிவு?

மதுரை அத்தை, 4:10: அடைப் பிரதமன்.

கார்த்தி, 4:10: பால் பாயசம் சொல்லியிருக்கிறேனே.

மதுரை அத்தை, 4:11: அண்ணனுக்கு அடைப் பிரதமன்தான் பிடிக்கும்.

கார்த்தி, 4:40: கடைக்காரர் மறுபடி கூப்பிட்டுவிட்டார். சித்தப்பா, பாடுகிறவருக்குத் துணை என்றால் சார்லி வாட்ஸ் சரியா? 1963 முதல் 2021-ல் இறக்கும்வரை ரோலிங் ஸ்டோன்ஸில் சின்ன செட்டோடு வாசித்தவர்.

திருச்சி சித்தப்பா, 4:52: கிட்டே வந்துவிட்டாய். வாட்ஸின் மனசு முழுக்க ஜாஸ். அண்ணனும் அப்படித்தான். ராத்திரியில் சிற்றலையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, விலிஸ் கோனோவரின் ஜாஸ் நிகழ்ச்சி. போர்வைக்குள் ரேடியோவை வைத்துக்கொண்டு எனக்கும் விளக்கம் சொல்வார். கென்னி கிளார்க் என்பவர்தான் எல்லாவற்றையும் மாற்றினார் என்பார். அதுவரை பேஸ் டிரம் என்ற பெரிய டிரம்மை விடாமல் மிதித்துத்தான் தாளம் சொல்வார்கள். இவர் 1940 வாக்கில் அந்த வேலையை ரைடு சிம்பல் என்ற வட்டத் தகட்டுக்கு மாற்றிவிட்டார். காலும் இடது கையும் விடுபட்டன. அதற்கப்புறம்தான் டிரம்மர், நம் மிருதங்கக்காரர் போல, பாட்டோடு பேச ஆரம்பித்தார். மாக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, எல்வின் ஜோன்ஸ் எல்லோரும் அந்த வழியில் வந்தவர்கள். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸிடம் சேரும்போது டோனி வில்லியம்ஸுக்கு வயது 17. பாலு, உனக்கு மூத்தவர் இரண்டே வயது!

நித்யா, 4:53: அப்பா. ஒரு. பெயர்.

பெரியம்மா, 5:06: டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு படம் ஒட்டியிருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் பார்த்தேன். கோட்டு, டை, தடித்த கறுப்புக் கண்ணாடி. பாங்க் மேனேஜர் மாதிரி இருந்தார். உங்கள் மாமாவா என்று கேட்டேன். சிரித்தார்.

கார்த்தி, 5:07: அம்மா, இதை மூன்று மணிக்கே சொல்லியிருக்கலாம்.

பெரியம்மா, 5:07: யார் கேட்டீர்கள்.

பாலு, 5:09: [படம்] இவரா பாருங்கள் பாட்டி. ஜோ மொரெல்லோ.

பெரியம்மா, 5:10: இவரேதான்.

திருச்சி சித்தப்பா, 5:21: எப்படி மறந்தேன்! ‘டேக் ஃபைவ்’, 1959. டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழுவில் மொரெல்லோ வாசித்தது. ஐந்து எண்ணிக்கை. நம் கண்ட சாபு ‘தக தகிட’ என்று போகும், அது திருப்பிப் போட்டு ‘தகிட தக’. அண்ணன் சாப்பிடும்போதும் இலை ஓரத்தில் விரலால் அதைத்தான் போடுவார். மொரெல்லோவுக்குச் சின்ன வயதிலிருந்தே கண் பார்வை குறைவு. முதலில் வயலின் கற்றவர், அதனால்தான் அவர் கை அவ்வளவு மென்மை. தனி வாசிக்கும்போது கீழே பியானோ அந்த ஐந்தை விடாமல் பிடித்திருக்கும். இவர் அடுக்கிக்கொண்டே போகாமல், இடம் விட்டு, யோசித்து, ஒவ்வொன்றாக வைப்பார். இடைவெளியில்தான் ஆள் தெரிவான் என்று அண்ணன் சொன்னது இவரைப் பற்றித்தான். 1958-ல் அந்தக் குழு மெட்ராசுக்கே வந்தது. அண்ணனுக்கு அப்போது மூன்று வயது. அப்பா மவுண்ட் ரோட்டில்தான் வேலை பார்த்தார், போகவில்லை. அண்ணனுக்கு இன்றைக்கும் அதில் வருத்தம்.

பாலு, 5:24: கேட்டேன். ரொம்ப மெதுவாக இருக்கிறதே என்று முதலில் நினைத்தேன். இப்போது மூன்றாவது தடவை.

நித்யா, 5:24: பரீட்சை!

கார்த்தி, 5:38: சரி, மொரெல்லோ. ஆனால் இந்தப் படம் சின்னது, பெரிதாக்கினால் உடைகிறது என்கிறார். நல்ல பிரதி கிடைத்தால் நாளை காலை பத்து மணிவரை பொறுப்பாராம்.

மதுரை அத்தை, 5:45: நான் ஒன்று சொல்கிறேன். படத்தோடு ஒரு டிரம் செட்டும் வாங்கலாம். என் பங்கு பெரிதாக இருக்கட்டும்.

திருச்சி சித்தப்பா, 5:46: அக்கா, முழங்கால் வலியோடு பெடல் மிதிக்க முடியாது. ஸ்நேர் என்கிற சின்ன டிரம் ஒன்று, குச்சிக்குப் பதில் ஒரு ஜோடி பிரஷ். போதும்.

பெரியம்மா, 5:47: வீட்டில் இடம் எங்கே.

மதுரை அத்தை, 5:48: சாமி அறைக்கு வெளியே அந்த மூலை சும்மாதான் இருக்கிறது.

பெரியம்மா, 5:50: அங்கே தையல் மிஷின். இவர் காபி கேட்டு வருகிறார். வைக்கிறேன்.

கார்த்தி, 5:52: அப்போ படமா, ஸ்நேரா, இரண்டுமா? யார் யார் எவ்வளவு?

மதுரை அத்தை, 5:55: பாலு, ஸ்நேர் விலை கேட்டு எனக்குத் தனியாக அனுப்பு. கைக்கு எட்டுகிற உயரமா என்றும் கேள்.