சுவீடனில் கடவுளை நம்புகிறவர்களே குறைவாமே, உண்மையா?

பரந்தன் வயல்காரன்:
சுவீடனில் பிறந்த அக்காவின் மகன் லீவில் வந்து நிற்கிறான். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கடல்நீரில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, "மாமா, எங்கட நாட்டில் இப்ப ஆரும் கடவுளை நம்புறேல்லை" என்கிறான். எங்கள் ஒழுங்கையில் சைவக்காரரும் வேதக்காரரும் (கிறிஸ்தவர்கள்) இருக்கிறோம். கோயில் பக்கமே போகாதவர் ஒருவர்தான், அவரும் கிழக்கே பார்த்துக் கும்பிடாமல் விதைநெல்லில் கை வைக்கமாட்டார். யாரிடமாவது கணக்கு இருக்கிறதா? பெடியனோடு வாதாட அல்ல. சரி, கொஞ்சம் அதற்கும்தான்.

வவுனியா வாசகன்:
சுவீடனைப் பற்றி உங்கள் மருமகன் சொல்வதில் பாதி சரி அண்ணை. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் எடுத்த யூரோபரோமீட்டர் என்ற கருத்துக்கணிப்பில் அங்கே கடவுள் உண்டு என்றவர்கள் நூற்றுக்கு 18 பேர். ஏதோ ஒரு சக்தி இருக்கிறது என்றவர்கள் 45. இரண்டுமே இல்லை என்றவர்கள் 34. அதே கணிப்பில் மால்டாவில் கடவுளை நம்புகிறவர்கள் 94, செக் குடியரசில் 16. ஐரோப்பாவுக்குள்ளேயே இவ்வளவு தூரம்!

உலகம் முழுக்கப் பார்த்தால், பியூ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் 2010 கணக்கில் மதம் எதையும் சேராதவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அவர்களில் பாதிக்கு மேல் சீனாவில். ஆனால் மதம் இல்லை என்ற அமெரிக்கர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் கடவுளையோ மேலான ஒரு சக்தியையோ நம்புகிறார்கள்.

கச்சான்கடை அக்கா:
நான் முறிகண்டியில் கச்சான் விற்கிறேன். ஏ9 வீதியால் போகிற பஸ், லொறி, வான் எல்லாம் பிள்ளையாரடியில் நிற்கும். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, உண்டியலில் காசு போட்டுவிட்டுத்தான் சாரதிமார் ஏறுவார்கள். சிங்களச் சாரதிமாரும் அப்படித்தான். உலகத்தைப் படைத்த கடவுள் என்று பௌத்தத்தில் ஒருவர் இல்லையாம், அதற்காக அவர்கள் நிற்காமல் போவதில்லை. எங்கள் கண்ணகியை அவர்கள் பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். மடு மாதா கோயிலுக்கு எங்கள் சைவச் சனம் போய், பாம்புக்குக் காவல் என்று மண் எடுத்து வருகிறது. இங்கே யாரும் யாரிடமும் "நம்புறியா?" என்று கேட்பதில்லை. "நேர்த்தி முடிச்சிட்டியா?" என்றுதான் கேட்பார்கள். போன மாதம் ஒரு வானில் வந்த பெடியள் சாமியைப் பகிடி பண்ணினார்கள், ஆனாலும் சாரதியிடம் "எதுக்கும் ஒரு தேங்காய் உடையுங்கோ" என்றார்கள். அவர்களை எந்தப் பக்கம் எழுதுவது?

என் தமையன் 2009 போருக்குப் பிறகு கும்பிடுவதை விட்டுவிட்டார். திருநீறும் பூசுவதில்லை. ஆனால் கடவுள் இல்லை என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. "எனக்கும் அவருக்கும் கதை இல்லை" என்பார். பிள்ளையைப் பறிகொடுத்தவர், நான் என்ன சொல்ல? திருவிழாவுக்கு மற்றவர்கள் போனால் மறிக்கவும் மாட்டார், காவலுக்கு வீட்டில் இருப்பார். நம்பாதவர் என்று எழுதினால் அது பொய். நம்புகிறவர் என்று எழுதினால் அவருக்கே கோபம் வரும்.

பரந்தன் வயல்காரன்:
அக்கா எழுதியதை மருமகனுக்கு வாசித்துக் காட்டினேன். தான் அந்த 34க்குள் என்று இப்போதும் நிற்கிறான், தாய் கட்டிவிட்ட நூல் மட்டும் கையில் கிடக்கிறது. கழற்றினால் அம்மா அழுவாவாம். வவுனியாத் தம்பி, கோபம் என்பவர்களுக்கு அந்தக் கணிப்பில் இடம் உண்டா?

வவுனியா வாசகன்:
இல்லை அண்ணை. மூன்று விடைகள்தான், அதைவிட்டால் "தெரியாது".