மைனருக்கு 1098 எஞ்சின் போட்டேன்: ஏற்றத்தில் சத்தம் மட்டும் கூடுகிறது, கார் ஏறவில்லை

உப்புவெளி மைனர்:
அப்பாவின் 1959 மொறிஸ் மைனர். பழைய 948 சீசீ எஞ்சின் ஒயில் குடித்தே என்னை முடித்துவிட்டதால், எங்கோ ஒரு கொட்டிலில் வருடக்கணக்காகக் கிடந்த 1098 சீசீ எஞ்சினை வாங்கி, கியர்பொக்ஸ், பிளைவீல், கிளட்ச் எல்லாம் பழையதையே வைத்துப் பூட்டினோம், கிளட்ச் பிளேட் மட்டும் புதிது. கந்தளாய் வரை நல்ல ஓட்டம். ஆனால் நாலு பேரை ஏற்றிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போகையில் கோட்டைக்குள் மான் குறுக்கே வந்ததால் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தேன், எஞ்சின் அலறுகிறது, கார் அசையவில்லை, கருகல் மணம் வேறு. கராஜ் பாஸ் கியர்பொக்ஸை மாற்றச் சொல்கிறார். அவசியமா?

மட்கோ அண்ணை:
தம்பி, காசைக் கையிலேயே வையுங்கள். கியர்பொக்ஸ் பழுதென்றால் கியர் துள்ளும், உறுமும், இப்படி வழுக்காது. முதலில் பெடலை விரலால் அமுக்கிப் பாருங்கள், கொஞ்சத் தூரம் சும்மா போக வேண்டும். பெடலிலிருந்து கிளட்சுக்குப் போகும் கம்பியை, கீழே, இந்த இடைவெளி இல்லாமல் பூட்டியிருந்தால் கிளட்ச் எப்போதும் பாதி மிதித்தபடிதான் நிற்கும்.

கிண்ணியா இரும்பு:
அண்ணை சொன்னது சரி, ஆனால் அதோடு நிற்க வேண்டாம். 948 என்றால் 37 குதிரைவலு, 1098 என்றால் 48. உங்களுடையது ஆறேகால் அங்குலச் சின்னக் கிளட்ச், தாங்கும், ஆனால் ஒயில் பட்டால் தாங்காது. இந்த எஞ்சினின் பின்பக்கத்தில் ரப்பர் சீல் கிடையாது, திருகுச் சுழி ஒன்றுதான் ஒயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. உள்ளே காற்றழுத்தம் கூடினால் ஒயில் கிளட்ச் பக்கம் வந்துவிடும். கிளட்சை மூடியிருக்கும் பெல்ஹவுசிங்கின் அடியில் ஒரு ஓட்டை, அதில் பிளவு ஊசி ஒன்று தொங்கும். அதை ஆட்டிப் பாருங்கள். எஞ்சின் பக்கவாட்டில் டப்பட் மூடியிலிருந்து கீழே இறங்கும் மூச்சுக்குழாயையும் பாருங்கள், அது அடைபட்டாலும் அழுத்தம் கூடும்.

உப்புவெளி மைனர்:
பெடலில் இடைவெளியே இல்லை! கம்பியைச் சரிசெய்தேன், வழுக்கல் பாதி குறைந்தது. அப்புறம் ஊசியை ஆட்டினேன், கறுப்பு ஒயில் சொட்டியது. மூச்சுக்குழாயைக் கழற்றினால் உள்ளே குளவி கட்டிய மண், குழாய் முழுக்க. கொட்டிலில் சும்மா கிடந்த காலத்தில் அது குடித்தனம் நடத்தியிருக்கிறது. எஞ்சினை இறக்கிப் பார்த்தோம், பிளேட் ஊறிப் போயிருந்தது. இன்னொன்று வாங்கித்தான் போட்டேன், நேற்று மானுக்காக நிறுத்தி அதே ஏற்றத்தில் எடுத்தேன், வழுக்கவில்லை.

மட்கோ அண்ணை:
நல்லது. முன் பிறேக் டிரம் ஏழு அங்குலமா எட்டா? 1098 கார்களுக்கு எட்டு அங்குலம்தான் வந்தது. ஓடுவது கூடினால் நிற்பதும் கூட வேண்டும். டிபரன்சலின் பல் விகிதத்தை 4.22க்கு மாற்றினால் இரைச்சலும் குறையும், அவசரமில்லை. எஞ்சின் நம்பரைப் பதிவுப் புத்தகத்தில் மாற்றிவிட்டீர்களா?

உப்புவெளி மைனர்:
டிரம் ஏழுதான் அண்ணை. புத்தக வேலை இந்தக் கிழமை. எட்டு அங்குலச் செட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.