வாக்காளர் சீட்டு மட்டும் போதாது என்கிறார்கள்: தேவிகுளத்தில் அம்மா எப்படி வாக்களிப்பது?

லயத்து மகள்:
தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற என் அம்மா, லயத்து வீட்டைக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) காலி செய்துவிட்டு இப்போது கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் உள்ள மறையூரில் என் தம்பியுடன் இருக்கிறார். அவருடைய வாக்காளர் அட்டையில் பழைய லயத்து முகவரிதான் இருக்கிறது. அதில் உள்ள பெயருக்கும் ஆதாரில் உள்ள பெயருக்கும் எழுத்திலும் இனிஷியலிலும் வேறுபாடு உண்டு. சென்ற தேர்தலில், வீட்டுக்கு வந்து கொடுத்த வாக்காளர் சீட்டையும் ரேஷன் கார்டையும் மட்டும் கொண்டுபோனதால் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த முறை அவர் எவற்றைக் கொண்டுபோக வேண்டும்?

சித்தூர்க்காரர், பாலக்காடு:
சகோதரி, வாக்குச்சாவடி அலுவலராகப் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். முன்பு புகைப்படம் அச்சிட்ட சீட்டையே அடையாளமாக ஏற்றோம். அதில் போலியைத் தடுக்கும் பாதுகாப்பு அம்சம் ஏதும் இல்லை என்பதால், 2019-இல் தேர்தல் ஆணையம் அதைத் தனி அடையாளமாக ஏற்பதை நிறுத்தியது. 2021-க்குப் பின் சீட்டில் புகைப்படமே இல்லை. காரணம் நியாயமானதுதான். ஆனால் மாற்றம் வந்த செய்தியை லயம் லயமாகப் போய்ச் சொன்னவர்கள் மிகக் குறைவு, அதன் விலையை உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ளிட்ட 12 ஆவணங்களில் ஒன்று போதும். ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. வாக்காளர் அட்டையில் உள்ள சிறிய எழுத்துப் பிழைகளை, ஆளை அடையாளம் காண முடிந்தால், பொருட்படுத்தக் கூடாது என்பதே ஆணையத்தின் அறிவுரை. அட்டைப் படம் ஆளோடு பொருந்தவில்லை என்றால்தான் வேறு ஆவணம் கேட்க வேண்டும்.

எனினும் அட்டையைவிட வாக்காளர் பட்டியல் முக்கியம். அட்டை கையில் இருந்தும் அந்தச் சாவடியின் பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாக்களிக்க முடியாது. வீடு மாறியவர் என்று குறிக்கப்பட்டிருந்தாலும் பெயர் பட்டியலில் இருக்கிறவரை வாக்குரிமை போகாது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் நேரில் ஆவணத்தைச் சரிபார்த்து, கையெழுத்துடன் பெருவிரல் ரேகையும் வாங்கிக்கொண்டு அனுமதிக்க வேண்டும். அதைத் தெரியாமல் அலுவலர் தயங்கினால், அம்மா திரும்பி வந்துவிடாமல் தலைமை அலுவலரைப் பார்க்கவேண்டும் என்று கேட்கட்டும்.

நகரி வாசகர்:
எங்கள் ஆந்திர எல்லையிலும் இதே நிலைதான். இங்கே பலருக்கு நகரியிலும் திருத்தணிப் பக்கத்திலும் பெயர் இருக்கிறது. ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பதிவு செய்யக் கூடாது என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. திருமணமாகி எல்லை கடந்து வந்த பெண்களுக்குத் தாய்வீட்டில் பெயர் நீக்கப்படாமலே கிடக்கும். அதைக் குற்றம் என்று அதட்டுவதைவிட, படிவம் 8 கொடுத்து இடம் மாற்றிக்கொள்ள யாராவது உதவுவதே முறை.

லயத்து மகள்:
நன்றி ஐயா. பஞ்சாயத்துத் தேர்தலுக்கும் இதே ஆவணங்கள்தானா?

சித்தூர்க்காரர், பாலக்காடு:
இல்லை. கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. அதற்கு வாக்காளர் பட்டியலும் தனி, ஏற்கும் ஆவணங்களும் தனி. படம் ஒட்டிய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் அங்கே செல்லும், மேலே நான் சொன்ன பட்டியலில் அது கிடையாது. எனவே இரண்டு வாக்காளர் பட்டியல்களிலும் பெயர் இருக்கிறதா என்று தனித்தனியே பார்த்துக்கொள்ளுங்கள். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கான மறையூர் முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8-ஐ இப்போதே கொடுத்துவிடுங்கள். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் எதையும் மாற்ற முடியாது, விண்ணப்பத்தை விசாரித்து முடிக்க அதற்கு முன்பே சில நாட்கள் தேவைப்படும்.