புதுப்பிப்பு: பிக்கப் வண்டியில் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) குறைந்தது எங்கே என்று தெரிந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: காலையில் கியரை ‘டி’யில் (டிரைவ்) போட்டால் 2, 3 விநாடி கழித்துத்தான் வண்டி நகர்கிறது, ஏ.டி.எஃப். அளவு சரியாகத்தானே இருக்கிறது என்று. என் தவறு, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அப்போது ஆயில் கீழே வடிந்து அளவு கூடுதலாகக் காட்டும்.

நேற்று 20 கி.மீ. ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரையும் ஒருமுறை போட்டு, கையேட்டில் உள்ளபடி ‘பி’யில் (பார்க்) எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) எடுத்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே! கையேடு சொன்ன அதே வகையை கால் கால் லிட்டராக, மொத்தம் முக்கால் லிட்டர் ஊற்றினேன். அதிகமானால் நுரைத்துவிடும். நிறம் இன்னும் சிவப்பு, கருகல் வாடை இல்லை. அதுதான் பெரிய நிம்மதி.

அப்புறம், ஏ.டி.எஃப். எஞ்சின் ஆயில் மாதிரி எரிந்து குறையாது. கசிவைத் தேடினால், இந்த ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் ஹோஸின் கிளிப் ஈரமாக இருக்கிறது. சனிக்கிழமை மாற்றுகிறேன்.